பள்ளிக்காக நிற்பவர்கள்: வத்தல்மலையும் மேலாண்மைக் குழுத் தேர்தலும்

அரசுப் பள்ளியை அரசு நடத்துகிறது என்பதும், அது எப்படி நடக்கிறது என்று கேட்கும் உரிமை அங்கே பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு உண்டு என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல; இவ்விரண்டையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவருவதற்குச் சட்டம் கண்ட வழிதான் பள்ளி மேலாண்மைக் குழு. 2010 ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தனியார் சுயநிதிப் பள்ளிகள் நீங்கலாக ஏனைய பள்ளிகளில் இக்குழு அமைக்கப்பட வேண்டும் என்றும், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் அந்தப் பள்ளியில் பயிலும் குழந்தைகளின் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும் என்றும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும், நலிந்த பிரிவினருக்கும் பின்தங்கிய குழுவினருக்கும் அவர்களது குழந்தைகளின் எண்ணிக்கைக்கேற்ற இடம் தரப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. 2012-இல் வந்த திருத்தம் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் இக்குழுவை ஆலோசனை கூறும் அமைப்பாகச் சுருக்கிவிட்டபோதிலும், அரசுப் பள்ளிகளிலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளிலும் அதன் சட்டப் பொறுப்பு முழுமையாகவே நீடிக்கிறது.

இக்குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள்தான், பள்ளியை நடத்துவதற்காக மக்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் என்று தமிழ்நாட்டில் சொல்லத்தக்க ஒரே நாள். தேர்தல் ஆணையமோ, வேட்புமனுவோ, வைப்புத்தொகையோ, சின்னமோ இல்லாத இத்தேர்தலைப் பற்றி நாளிதழ்கள் அதிகம் எழுதுவதில்லை. தருமபுரி மாவட்டத்தின் வத்தல்மலை போன்ற ஓரிடத்தில் வைத்துப் பார்க்கும்போது, சட்டமன்றத் தேர்தலைக் காட்டிலும் ஒரு குழந்தையின் அன்றாடத்துக்கு மிக அருகில் நிற்கும் தேர்தல் இதுவே என்பது விளங்கும்.

தருமபுரி நகரிலிருந்து பார்த்தால் தெரியும் மலைத்தொடர்களுள் வத்தல்மலையும் ஒன்று. அடிவாரத்திலுள்ள கொமத்தம்பட்டியிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு, நாயக்கனூர், மன்னாங்குழி, குழியனூர் எனச் சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் சிதறிக் கிடக்கின்றன. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். பெயர் அவ்வாறிருப்பினும் அவர்களது தாய்மொழி தமிழே. கொல்லிமலை, சேர்வராயன்மலை, கல்வராயன்மலை, சித்தேரிமலை ஆகியவற்றில் வாழ்வோரும் இதே சமூகத்தினரே. சாமை, கேழ்வரகு, கடுகு ஆகியவற்றோடு காப்பியும் மிளகும் இங்கே விளைகின்றன. நெடுங்காலம் நடந்தே ஏறி இறங்கிய மக்களுக்குத் தார்ச்சாலை கிடைத்தது இந்த நூற்றாண்டில்தான். 2021 செப்டம்பர் 30-ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மலைக்கு நேரில் வந்து மக்களிடம் குறைகேட்டது அங்குள்ளோர் இன்றும் குறிப்பிடும் நிகழ்வு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடாக, தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே கடைசி இடத்தில் இருந்ததையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். மாவட்டமே கடைசியில் நின்றபோது அதன் மலையூர்கள் எங்கே நின்றிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இத்தகைய இடத்தில் பள்ளி மேலாண்மைக் குழு ஏன் பெரிதாகிறது என்பதற்கு அரசமைப்புச் சார்ந்த ஒரு காரணம் இருக்கிறது. பழங்குடியினர் செறிந்து வாழ்பவையாக அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பகுதிகளின் கிராமசபைகளுக்குத் தனி அதிகாரங்களை வழங்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் பத்து மாநிலங்களில் செயல்படுகிறது. தமிழ்நாட்டில் அந்த அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லாததால், வத்தல்மலையின் மக்களுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைப்பதில்லை. இதற்கு மேல், 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்து, தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிக்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் அமர்ந்தவர்கள் அன்றோடு மக்கள் பிரதிநிதிகள் என்ற தகுதியை இழந்தார்கள். ஊராட்சி மன்றமே இல்லாத காலத்திலும் மலையூர் மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்த ஓர் அமைப்பு, தீர்மானப் புத்தகத்தோடும் முத்திரையோடும், மாதந்தோறும் கூட வேண்டிய கடமையோடும் எஞ்சி நின்றது என்றால், அது பள்ளிக்குள்ளேதான் நின்றது.

குழுவின் அமைப்பைச் சற்று விரிவாகக் காண்பது பயன்தரும். 2022-இல் தமிழ்நாட்டின் ஏறத்தாழ 37,000 அரசுப் பள்ளிகளில் மார்ச் 20-ஆம் நாள் பெற்றோர் கூட்டம் ஒரே நேரத்தில் நடத்தப்பட்டு, அதைத் தொடர்ந்த மாதங்களில் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அப்போது குழுவின் அளவு 20 பேர்: பெற்றோர் 15 பேர், தலைமையாசிரியர், ஆசிரியர்களின் பிரதிநிதி ஒருவர், உள்ளாட்சி உறுப்பினர் இருவர், கல்வியாளர் அல்லது கல்வித் தன்னார்வலர் ஒருவர். பெற்றோருள் ஒருவரே தலைவராக முடியும். அத்தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாடு வகுத்துக்கொண்ட சிறப்பான நடைமுறை. தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவரே அன்றித் தலைவர் அல்லர். 2024 ஆகஸ்டில் நான்கு சனிக்கிழமைகளில் குழுக்கள் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டு, உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆயிற்று. பதவிக்காலம் இரண்டு ஆண்டு.

தாளில் இவ்வளவு தெளிவாக இருப்பது கூட்டத்தில் எவ்வாறு நடக்கிறது என்பதே வினா. பெரும்பாலான பள்ளிகளில் தேர்வு 'ஒருமனதாக' முடிகிறது. அதாவது, யாரோ ஒருவர் பெயர் சொல்ல, மற்றொருவர் வழிமொழிய, கூடியிருப்போர் கைதட்ட, பட்டியல் நிரம்பிவிடுகிறது. ஒற்றுமையைப் பெரிதும் மதிக்கும் மலையூர்களில், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒருவருக்கு எதிராக மற்றொருவர் எழுந்து நிற்பது பகையாகப் பார்க்கப்படக்கூடும் என்பதால், இம்முறை அங்கே இயல்பாகவே பொருந்திவிடுகிறது. அதில் நன்மை இல்லாமலும் இல்லை. இருபது முப்பது வீடுகள் மட்டுமுள்ள ஊரில் தோற்றவரும் வென்றவரும் மறுநாள் ஒரே குழாயடியில் நிற்க வேண்டியவர்கள். ஆயினும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதும், எவரிடமும் கேட்கவே இல்லை என்பதும் ஒரே கைதட்டலுக்குள் மறைந்துவிட முடியும். தமக்குத் தெரியாமலே உறுப்பினராகிவிட்ட ஒரு தாய், கையெழுத்துக்காக வீடு தேடி வரும் பதிவேட்டைப் பார்த்துத்தான் தம் பதவியை அறிந்துகொள்கிறார் என்றால், அந்தக் குழு சட்டத்தின் கணக்கில் நிறைவானதாக இருந்தும் பள்ளிக்குப் பயனற்றது.

எனவே இத்தேர்தலில் வெற்றி தோல்வியைவிட முன்வருதலே முதன்மையானது. ஒருவர் தாமாக எழுந்து, தம் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது, பள்ளியில் தாம் மாற்ற விரும்புவது எது, மாதத்தில் எவ்வளவு நேரம் தம்மால் தர முடியும் என்று அண்டை வீட்டார் கேட்கச் சொன்னால், அந்தச் சொல்லே பிறகு அவரைக் கட்டுப்படுத்தும் கணக்காகிவிடும். போட்டியாளர் இருவரானால் கையுயர்த்தியோ சீட்டெழுதியோ முடிவு செய்துகொள்ளலாம். ஒருவரே நின்றாலும் அவர் பேசியாக வேண்டும். பேசாமல் பெறும் பதவிக்குப் பொறுப்பு ஒட்டுவதில்லை.

வத்தல்மலையில் ஒரு பெற்றோர் முன்வருவதற்குத் தடையாக இருப்பவை இழிவான காரணங்கள் அல்ல. 2022 முதல் குழுவின் கூட்டம் பொதுவாக மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைக்கப்படுகிறது; காப்பிப்பழம் பறிக்கும் பருவத்தில் அந்தப் பிற்பகல் அரைநாள் கூலி. குழு உறுப்பினருக்கு ஊதியமோ பயணப்படியோ சட்டம் தரவில்லை. வேலை தேடிக் கேரளத்துக்கோ திருப்பூருக்கோ சென்றிருக்கும் குடும்பங்களில் பிள்ளைகள் பாட்டி தாத்தாவின் பொறுப்பில் இருப்பதுண்டு. சட்டத்தில் 'காப்பாளர்' என்ற சொல் இருப்பதால் அத்தகைய பாட்டியும் உறுப்பினராகலாம் என்பது பலருக்குச் சொல்லப்படுவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் நிற்கக்கூடாது என்ற எண்ணமும் பரவலானது. சட்டத்தில் அப்படி ஒரு தகுதி கிடையாது. தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, சரியென்று பட்ட பிறகு கைநாட்டு வைக்கும் ஒரு தாய், வாசிக்காமல் கையெழுத்திடும் படித்தவரைவிட நல்ல உறுப்பினர்.

குழுவுக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதை அறிந்தால்தான் அதற்காக நிற்பதில் பொருளுண்டு. சட்டம் நான்கு பொறுப்புகளை ஒப்படைக்கிறது: பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணித்தல், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைத்தல், அரசிடமிருந்தும் உள்ளாட்சியிடமிருந்தும் பிற வழிகளிலும் வரும் மானியங்கள் செலவாகும் விதத்தைக் கண்காணித்தல், விதிகளில் குறிப்பிடப்படும் பிற பணிகளைச் செய்தல். இவற்றுள் வளர்ச்சித் திட்டம் என்பது 22-ஆம் பிரிவின்படி, வரும் ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை எவ்வளவு இருக்கும், அதற்கு எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பறை, எவ்வளவு பணம் வேண்டும் என்று குழுவே கணக்கிட்டு எழுதித் தரும் ஆவணமாகும். அரசு ஒதுக்கும் மானியத்துக்கு அதுவே அடிப்படையாக வேண்டும் என்பது சட்டத்தின் சொல். வத்தல்மலையின் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லையென்றால், மனு எழுதிக் கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு இறங்கிச் செல்வது ஒரு வழி. அதே குறையைக் குழுவின் தீர்மானமாக்கி வளர்ச்சித் திட்டத்தில் எழுதுவது இன்னொரு வழி. முன்னது வேண்டுகோள், பின்னது உரிமைக் கோரிக்கை.

பணத்தைப் பொறுத்தவரை, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் மாணவர் எண்ணிக்கைக்கேற்பப் பள்ளிக்கு ஆண்டு மானியம் வகுக்கப்பட்டிருக்கிறது: 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் 100 மாணவர் வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, ஆயிரத்துக்கு மேல் 1 இலட்சம். மலையூர்ப் பள்ளிகளில் எண்ணிக்கை சிறிது என்பதால் கிடைக்கும் தொகையும் சிறிது. ஆனால் சமவெளியில் கிடைக்கும் அதே சிமெண்டு மூட்டை மலைக்கு ஏறும்போது வண்டிக்கூலியோடு ஏறுகிறது என்பதை அந்த அட்டவணை அறியாது. இந்த முரண்பாட்டைப் பதிவுசெய்து மேலே அனுப்பக்கூடியவர்கள் குழுவினரே. 2024-25-இல் தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததைக் காரணமாக்கி ஒன்றிய அரசு 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தபோது, தலைநகரங்களுக்கிடையே நடந்த பூசலின் வலி கடைசிப் பள்ளிவரை பாய்ந்தது. வரவேண்டிய பணம் வந்ததா என்று பள்ளியளவில் கேட்கும் கடமை பெற்றோருக்குச் சட்டத்தாலேயே தரப்பட்டிருக்கிறது என்பது அத்தகைய காலங்களில் இன்னும் அழுத்தமாக உணரப்பட வேண்டியது.

குழுவின் கைக்கு வந்த அதிகாரம் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதை 2022 காட்டியது. அவ்வாண்டு அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 பணியிடங்களை, அதாவது 4,989 இடைநிலை ஆசிரியர், 5,154 பட்டதாரி ஆசிரியர், 3,188 முதுநிலை ஆசிரியர் இடங்களை, மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ள அரசு அனுமதித்து, முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய் மாத ஊதியமும் அறிவித்தது. தகுதித் தேர்வில் வென்று காத்திருந்தோர் இதை எதிர்த்து உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றார்கள்; தகுதியுள்ளோருக்கு முன்னுரிமை தரும் வழிமுறைகள் அதன் பிறகு தெளிவாக்கப்பட்டன. நிரந்தர ஆசிரியரை நியமிப்பது அரசின் கடமை. அதைக் குழுவின் தோளில் ஏற்றுவது சரியன்று. ஆனாலும், ஓர் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கிறது என்பதை முதலில் உணர்பவர் பெற்றோரே. மலைப்பள்ளியில் ஆசிரியர் ஒருவர் இடமாறுதல் பெற்றுக் கீழே இறங்கினால் பல வகுப்புகள் ஒரே அறையில் கூடிவிடும். அந்த நிலை எத்தனை மாதம் நீடிக்கிறது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் மாதந்தோறும் எழுதிவைக்கும் குழுவுக்கும், எழுதாத குழுவுக்கும் உள்ள வேறுபாடு பின்னாளில் அலுவலகக் கோப்புகளில் தெரியும்.

பள்ளியின் நிர்வாகத்தில் ஊர்மக்கள் பங்கேற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் 1884-ஆம் ஆண்டுத் தல வாரியச் சட்டத்தின்கீழ் அமைந்த தாலுகா வாரியங்கள் தொடக்கப் பள்ளிகளை நடத்தின. 1920-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டக் கல்விக் குழுக்களை உருவாக்கியது. காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் கரும்பலகையும் மேசையும் கட்டடமும் தங்கள் செலவில் தந்தார்கள். ஆனால் அந்த மாநாடுகளில் மக்கள் கொடையாளர்களாக நின்றார்களே தவிரக் கேள்வி கேட்பவர்களாக நிற்கவில்லை. ஊராட்சி ஒன்றியங்கள் நடத்திய பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981-இல் அரசு ஊழியர்களான பிறகு, 'ஊராட்சி ஒன்றியப் பள்ளி' என்ற பெயர்ப்பலகை மட்டும் தங்கி, ஒன்றியத்தின் பிடி தளர்ந்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஊராரைக் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்தியிருக்கிறது.

பள்ளிக்கான தேர்தல் பெண்களுக்குப் பொதுவாழ்வின் முதல் படியாக அமைந்த வரலாறு உலகில் உண்டு. இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் உருவாக்கிய பள்ளி வாரியங்களுக்குப் பெண்கள் வாக்களிக்கவும் போட்டியிடவும் முடிந்தது; அவ்வாண்டே இலண்டன் பள்ளி வாரியத் தேர்தலில் மருத்துவர் எலிசபெத் காரெட் 47,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று வென்றார். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அந்நாட்டுப் பெண்களுக்குக் கிடைத்தது அதற்கு 48 ஆண்டுகளுக்குப் பின், 1918-இல்தான். புலம்பெயர்ந்த ஈழத்தமிழரும் இதே வழியில் வந்தவர்கள். கனடாவின் ரொறன்ரோ வட்டாரத்தில் நீதன் சான் 2006-இலும், யுவனிற்றா நாதன் 2010-இலும் யோர்க் வட்டாரக் கல்விச்சபைக்கும், பார்த்தி கந்தவேள் 2014-இல் ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தமிழ்ப் பெயர்கள் வாக்குச்சீட்டில் இடம்பெற்றுப் பழகியது பெருமளவு கல்விச்சபைத் தேர்தல்களின் வழியே. அத்தகைய சபைகளுக்கும் அதிகாரம் நிலையானதன்று: 2025 ஜூனில் ஒண்டாரியோ மாகாண அரசு ரொறன்ரோ உள்ளிட்ட சில சபைகளுக்கு மேற்பார்வையாளர்களை நியமித்து, தேர்ந்தெடுக்கப்பட்டோரின் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

அண்டை மாநிலம் தரும் எச்சரிக்கையும் ஒன்றுண்டு. 2024 ஆகஸ்ட் 8-ஆம் நாள் ஆந்திர மாநிலத்தில் பள்ளிக் குழுக்களுக்கு ஒரே நாளில் தேர்தல் நடந்தபோது, பல ஊர்களில் அது கட்சிகளுக்கிடையிலான பலப்பரீட்சையின் சாயலைப் பெற்றது. கட்சிக்காரர் ஒருவர் பெற்றோராக இருக்கலாம், நிற்கலாம். ஆனால் பள்ளிக்குள் அவர் கட்சியாக நுழைந்தால், எதிர்க்கட்சி வீட்டுப் பிள்ளையின் சத்துணவுத் தட்டிலும் அது தெரிந்துவிடும். வத்தல்மலையில் இன்றுவரை அந்த நிலை வராதிருக்கும் ஊர்கள் அதைக் காத்துக்கொள்வது நல்லது.

மலையில் நிற்க விரும்பும் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சிலவே. தம் ஊர்ப் பள்ளி பள்ளிக்கல்வித் துறையின்கீழ் வருகிறதா, பழங்குடியினர் நலத்துறையின்கீழ் வருகிறதா என்பது முதலாவது, ஏனெனில் குறையை எங்கே கொண்டுபோவது என்பது அதைப் பொறுத்தது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு எவ்வளவு தொலைவு நடக்கிறார்கள் என்பது இரண்டாவது; தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் அமைய வேண்டும், அது இயலாத சிற்றூர்களுக்குப் போக்குவரத்து போன்ற வசதிக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்பது விதி. எட்டாம் வகுப்புக்குப் பிறகு பள்ளியைவிட்டு நின்ற பெண்பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் மூன்றாவது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெயர்களை எழுத்தில் கொண்டுவரும் துணிவு ஒரு தாய்க்கு வந்தால், குழந்தைத் திருமணம் குறித்து மேடைகளில் பேசப்படும் எத்தனையோ உரைகளைக் காட்டிலும் அது பயன்தரும்.

2024 ஆகஸ்டில் அமைந்த குழுக்களின் இரண்டாண்டுக் காலம் 2026 ஆகஸ்டோடு முடிகிறது. பெரியூரிலும் பால்சிலம்பிலும் நாயக்கனூரிலும் வாழும் பெற்றோர், அடுத்த தேர்வுக் கூட்டத்துக்கு முன்பாகவே தலைமையாசிரியரிடம் சென்று இந்த இரண்டாண்டுத் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசிக்கச் செய்து கேட்க வேண்டும். கேட்ட பிறகு, நிற்கலாம் என்று மனத்தில் தோன்றும் தாய்மார்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்ல வேண்டும்.